மருளி சாவாளா

நானூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மருளிக்கு இன்னும் உயிர் இருந்தது. அதை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மங்கையர்க்கரசி தலையைத் தூக்கிப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாள். கேட்டை இழுத்துச் சாத்திவிட்டார்கள். உள்ளே பிளஸ் டூ இயற்பியல் தேர்வு, வெளியே திருச்சி வெயில். தூங்குமூஞ்சி மரத்து நிழலில் பிளாஸ்க்கும் செய்தித்தாளும் விசிறியுமாக இருபது முப்பது பெற்றோர்கள்; ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தால் அவர்களே உட்கார்ந்து எழுதப்போவது மாதிரி இருந்தது. தேர்வு ஒன்றேகாலுக்கு முடியும். புத்தகம் அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முடியும். நடுவில் நூற்றெழுபத்தோரு பக்கம் கிடக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றால் போதும், ஆனால் ஒரு நிமிடத்தில் படிக்கிற கண்ணா இது. பத்திர எழுத்தர் அலுவலகத்தில் பதினாறு வருடம் கிரயப் பத்திரம் படித்துப் பழகிய கண். எந்தப் பத்திரத்தையும் அவள் பின்னாலிருந்துதான் பிரிப்பாள். முதலில் சாட்சி யார் யார், அப்புறம் நான்கெல்லை, விற்றவன் வாங்கியவன் கதையெல்லாம் கடைசியில்தான். இந்தப் புத்தகத்தையும் அப்படிப் பிரித்திருந்தால் போன ஞாயிற்றுக்கிழமையே வேலை முடிந்திருக்கும். மகள் மிருதுளா விடவில்லை. "கடைசிப் பக்கத்தைப் புரட்டக் கூடாது. இந்தக் கதையில செத்தவங்க திரும்பி வருவாங்க, இருக்கிறவங்க செத்துருப்பாங்க. வரிசையாப் படிச்சாதான் தெரியும். மருளி சாவாளா மாட்டாளா, அது ஒண்ணு மட்டும் பிசிக்ஸ் எழுதிட்டு வெளிய வந்ததும் எனக்குச் சொல்லணும். செத்துட்டான்னா நான் அந்த புக்கைத் தொடமாட்டேன்" என்றாள். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவுக்கு மை இருக்கிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. நியாயமாகப் பார்த்தால் இது ஒரு சின்னப்பிள்ளை விளையாட்டு. நியாயமாகப் பார்க்கத்தான் மங்கையர்க்கரசியால் முடியவில்லை. ஐந்து நாளாகச் சோறு வடிக்கும்போதுகூடப் புத்தகம் கையில்தான் இருக்கிறது.

மருளி ஒரு திருடி. சாவி திருடி. உப்புநாட்டின் ஏழு கடல்வாசல்களையும் திறக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், ஆனால் ஒவ்வொரு வாசலைத் திறக்கும்போதும் அவள் உடம்பில் ஏதாவது ஒரு பாகம் உப்பாகிவிடும். முதல் பாகத்தில் ஒரு விரல் போனது. நான்காம் பாகம் முடியும்போது வலது கை தோள்பட்டை வரைக்கும் இல்லை. இப்போது, நானூற்று அறுபதில், இடது பாதத்தைச் சாக்குத்துணியில் சுற்றிக்கொண்டு ஆறாம் வாசலுக்கு முன்னால் உட்கார்ந்து, கூட வந்தவர்களைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறாள். முந்தின நான்கு பாகத்தையும் மங்கையர்க்கரசி படித்ததில்லை, படிக்கவும் தேவைப்படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையும் மருமகளும் ராத்திரி பகலாகப் பேசிப் பேசியே அவளுக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டிருந்தார்கள். நாத்தனார் வசுமதிதான் இந்தப் பைத்தியத்தைக் கொண்டுவந்தது. மிருதுளா பெரியவளானபோது அத்தை முறைக்கு எல்லோரும் தட்டில் நகையை எதிர்பார்க்க, இவள் பட்டுப்பாவாடைக்கு அடியில் முதல் பாகத்தை மறைத்துக்கொண்டு வந்தாள். "இது என்ன வரிசை?" என்று சபையில் சிரித்தார்கள். கல்யாணம் வேண்டாமென்று ஒதுங்கி, கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டு, அண்ணன் வீட்டிலேயே இருந்தவள். மருளி மாதிரியே வாய். ஆஸ்பத்திரியில் முடியெல்லாம் கொட்டிய பிறகுகூட, "அண்ணி, ஷாம்பு செலவு மிச்சம்" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டுப் பிறகு அழுதாள். சாக்குத்துணி சுற்றிய பாதத்தை மருளி யாருக்கும் காட்டமாட்டேன் என்கிறாள். வசுமதி கையைக் காட்டமாட்டாள், ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன கையைப் போர்வைக்குள்ளேயே வைத்திருப்பாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கையை வெளியே எடுத்து இவள் முழங்கையைப் பிடித்தாள். மிருவைக் கூட்டிட்டு வாங்க அண்ணி. மருந்து மயக்கத்தில் ஆயிரம் கேட்பார்கள். மறுநாள் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. எந்த அம்மா கூட்டிக்கொண்டு வருவாள்? மங்கையர்க்கரசி ஒரு பக்கத்தைப் புரட்டினாள், படிக்காமலே புரட்டியது தெரிந்து திரும்ப வந்தாள்.

"என்னங்க, நீங்க பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" பக்கத்தில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். நெற்றியில் மூன்று கோயில் பிரசாதம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. "கதைங்க. பொண்ணு படிக்கச் சொன்னா." "நல்ல பொண்ணுதான் போங்க. என் பையன் என்னைய வாசல்லயே நிக்கக் கூடாதுன்னுட்டான், பாத்தா டென்ஷன் ஆவுதாம். மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கேன்." அவள் ஒரு தம்ளர் மோரை நீட்டினாள். மங்கையர்க்கரசி வாங்கிக் குடித்தாள், ருசி தெரியவில்லை. "கதையில என்ன நடக்குது?" என்று கேட்டவளிடம், "ஒருத்தி சாவாளா மாட்டாளான்னு பாத்துட்டிருக்கேன்" என்றாள். அந்தப் பெண் சட்டென்று தள்ளி உட்கார்ந்தாள். பரீட்சை நேரத்தில் வாயில் என்ன பேச்சு. அப்போதுதான் கணவர் தணிகாசலத்தின் போன் வந்தது. பெரம்பலூரில் வேலையிலிருந்து பேசினார். "கேட்டுக்குள்ள போயிட்டாளா? மூஞ்சி எப்படி இருந்துச்சு? சாப்பிட்டாளா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், "அந்தப் புஸ்தகம் முடிச்சிட்டியா?" என்றார். "இன்னும் நூத்திப் பத்து பக்கம் இருக்குங்க." "செத்தாளா?" "இன்னும் இல்ல." "செத்தாலும் சாகலைன்னே சொல்லிடு மங்கை. திங்கக்கிழமை கெமிஸ்ட்ரி. கால்நடை மருத்துவத்துக்கு அரை மார்க்குல சீட்டு போகுது. பரீட்சை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். அவர் நிறுத்தியது இவளுக்குக் கேட்டது. பரீட்சை முடியட்டும். அதே இரண்டு வார்த்தை, அதே குரல். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில், தங்கையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது. "சரிங்க" என்று போனை வைத்தாள். அன்றைக்கும் அவள் சரிங்க என்றுதான் சொன்னாள்.

யாரும் செய்யாததையா செய்தோம். தெருவில் கேட்டுப் பார்க்கட்டும், பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளையிடம் சாவைச் சொன்ன வீடு ஒன்றைக் காட்டட்டும். எதிர்வீட்டு வாத்தியார் தன் அப்பா போனதையே மகனுக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார். பக்கத்து வீட்டார் வந்து துக்கம் கேட்கும்போதுகூட, "பிள்ளை காதுல போட்றாதீங்க" என்று அவர்களே மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆக ஊரே கூடி மறைத்தது, ஆனால் பொய்யெல்லாம் மங்கையர்க்கரசியின் வாயிலிருந்துதான் வந்தது. பதினொன்றாம் தேதி காலை, மிருதுளா கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வசுமதி போனாள். சொந்த ஊரான லால்குடியில் எடுத்துப்போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது பெண் கேட்டாள், "ஏம்மா நாளும் கிழமையும் இல்லாம தலைக்குக் குளிச்சிருக்க?" பேன் என்றாள். ஒன்பது நாள் சாமிக்கு விளக்கேற்றவில்லை, அதற்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றாள். அப்பா எங்கே என்றதற்கு ஆடிட் என்றாள். இதெல்லாம்கூட மன்னிக்கிற பொய். பதினான்காம் தேதி செய்ததுதான். வசுமதியின் போன் அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்து அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் அடுத்த அறையிலிருந்து மகள் அனுப்பியிருக்கிறாள். அத்தை, ஏன் பதிலே இல்ல, ரொம்ப முடியலையா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அஞ்சாம் பாகத்துல மருளி செத்துருவான்னு ஸ்கூல்ல சொல்றாங்க, சாவாளா? மங்கையர்க்கரசிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதில் போகாவிட்டால் பிள்ளை ஆஸ்பத்திரிக்கே கிளம்பிவிடும், நாளைக்கு அறிவியல். கதவைச் சாத்திக்கொண்டு, செத்தவளின் போனில், தன் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். சாகமாட்டா. நீ நல்லா எழுது. அடுத்த அறையில் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு இவள், பாவி, நிம்மதியாகத்தான் மூச்சுவிட்டாள். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சொன்னபோது மிருதுளா அழவில்லை, கத்தவில்லை, போனை எடுத்துத் தேதிகளைப் பார்த்தாள். அத்தை பதினொண்ணாம் தேதியே போயிட்டாங்கன்னா பதினாலாம் தேதி எனக்கு பதில் போட்டது யாரு? நெட்வொர்க் கோளாறு, மெசேஜ் லேட்டா வந்திருக்கும் என்று சொன்னாள் மங்கையர்க்கரசி. சொன்னாளே. பெண் சரி என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து அவள் அம்மாவிடம் எதையும் கேட்பதில்லை. வெளியே மழை இல்லை என்று அம்மா சொன்னால் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். இரண்டு வருடத்தில் அவளாக வந்து கேட்ட ஒரே கேள்வி இப்போது மடியில் கிடக்கிறது. அதுவும் அதே கேள்வி. அதே வார்த்தை! மங்கையர்க்கரசி புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டைப் பார்த்தாள். ஐந்து நாளாக இது எப்படி உறைக்காமல் போயிற்று. பெண் அங்கே பரீட்சை எழுதுகிறாள் என்று இங்கே உட்கார்ந்திருந்தால், பரீட்சை அங்கே இல்லை போலிருக்கிறது.

ஐந்நூறு தாண்டியதும் அவள் வேகமாகப் படித்தாள். எழுத்துக்கூட்டி அல்ல, இழுத்துக்கொண்டு ஓடினாள். ஆறாம் வாசல் திறந்தது, மருளியின் இடது கால் போனது. ஆனாலும் மருளி பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள், இந்த வாய் இருக்கிறவரை எழுத்தாளர் இவளைக் கொல்லமாட்டார், அவ்வளவு கல்நெஞ்சமா அந்த மனுஷனுக்கு, வாசகர்களெல்லாம் பிள்ளைகள் இல்லையா. ஐந்நூற்று நாற்பதில் ஒரு கிழவன் உப்பைக் கரைக்கும் மருந்தொன்று வடக்கே இருப்பதாகச் சொன்னான். மங்கையர்க்கரசி அந்தக் கிழவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரும் அப்படித்தான் ஒரு மருந்து சொன்னார், சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்றார், வந்தது, ஏற்றினார்கள், ஒரு நாள் முழுக்க வசுமதி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். அன்றைக்குத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அன்றைக்குத் தமிழ் இரண்டாம் தாள் முடிந்து ஒரு நாள் விடுமுறைகூட இருந்தது. தலையில் தொப்பி வைத்துக்கொண்டு இட்லியைப் பிட்டபடி கேட்டாள், மிரு எங்கே அண்ணி என்று. அது சும்மா விசாரித்தது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சரி, இரண்டு தடவை என்றே வைத்துக்கொள்வோம். ஐந்நூற்று எழுபது. மருந்து வரவில்லை. மருளி ஏழாம் வாசலுக்குத் தனியாகப் போகிறேன் என்கிறாள், அவள் உயிராக வளர்த்த ஆதினி மலைக்கு அந்தப் பக்கம் போரில் இருக்கிறாள், எட்டு நாள் தூரம். போகாதேடி. மரத்தடியில் ஒருவர் தினத்தாளை மடிக்கும் சத்தம்கூட அவளுக்குத் தாங்கவில்லை. ஐந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில், மேலிருந்து ஐந்தாவது வரியில், வாசல் திறந்தது. ஆறாவது வரியில், காற்று வந்து அவள் நின்ற இடத்திலிருந்த உப்பை வாரிக்கொண்டு போனது என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். மங்கையர்க்கரசி அடுத்த வரியைப் பார்த்தாள். அது போர்க்களம், வேறு ஆள், வேறு பேச்சு. இவ்வளவு பெரிய புத்தகத்தில் ஒருத்தியின் சாவுக்கு இரண்டு வரி. பத்திரம் படிக்கிற புத்தி சும்மா இருக்குமா, கூட யார் இருந்தது என்று மேலும் கீழும் தேடியது. யாரும் இல்லை. சாட்சி இல்லாமல் செத்திருக்கிறாள். இருந்தாலும் செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று பெண் சொல்லியிருக்கிறாளே, இருபத்து நான்கு பக்கம் பாக்கி இருக்கிறதே. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மருளி, மருளி என்று பெயரைத் தேடினாள். போர் முடிந்தது. ஆதினிக்கு முடிசூட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் மீன் விற்கிற ஒரு பெண் உப்பைக் குறைத்துப் போடு என்று புருஷனைத் திட்டினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு அச்சகத்தின் முகவரி. அதையும் படித்தாள்.

மணி அடித்தது. கூட்டம் எழுந்து கேட்டை நெருக்கியது. சாகலை என்று சொல்லலாம். ஒரு வார்த்தை. பெண் சிரிப்பாள், நன்றாகச் சாப்பிடுவாள், நான்கு நாள் கெமிஸ்ட்ரி படிப்பாள், பரீட்சை முடிந்து புத்தகத்தைத் திறந்து ஐந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்துக்கு வருவாள். அப்போது என்ன, சீட்டு கிடைத்திருக்கும், கோபம் இரண்டு மாதத்தில் தணியும். தணியாது. தணியவே தணியாது, ஏனென்றால் அவள் கோபப்படவே மாட்டாள், சரி என்று தலையாட்டுவாள், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பாள். செத்துவிட்டாள் என்று சொல்லலாம். சொல்லி, அரை மார்க்கில் சீட்டு போனால், அதற்கும் ஆயுசுக்கும் இவள்தான் ஜவாப்தாரி, தணிகாசலம் சும்மா விடுவாரா. மஞ்சள் துப்பட்டாக்கள் வெளியே கொட்டின. "ஈஸியா இருந்துச்சும்மா" என்று யாரோ ஒரு பெண் யாரோ ஒரு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மிருதுளா கடைசியில்தான் வந்தாள். பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி நேராக வந்து நின்றாள், தண்ணீர் கேட்கவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை. அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் இப்படிப் பார்த்து.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"சாவாளா?"

"செத்துட்டா கண்ணு. திரும்பி வரலை. கடைசி வரைக்கும் பாத்துட்டேன்."

மிருதுளாவின் கீழுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, சின்ன வயதில் ஊசி போடும்போது இழுக்கிற மாதிரி. அட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அழப்போகிறாள், திங்கட்கிழமை போச்சு என்று இவளுக்குள் ஒன்று அலறியது. "கூட யாரு இருந்தா?" என்றாள் மிருதுளா.

"யாரும் இல்ல. ஆதினிகூட இல்ல. அவ போர்ல இருந்தா." இதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது, பெண்ணுக்கும் அதற்குமேல் எதுவும் தெரியாது. பிளாஸ்க்காரப் பெண் தன் பையனைத் தேடிக்கொண்டு இடித்துவிட்டுப் போனாள். மங்கையர்க்கரசி புத்தகத்தை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அத்தைகூட நான் இருந்தேன். அந்த மெசேஜை அடிச்சதும் நான்தான்."

"அது தெரியும்." பெண்ணின் குரலில் ஒன்றும் இல்லை. பிறகு, மெதுவாக, "அத்தை என்ன சொன்னாங்க?" என்றாள்.

"உன்னைக் கேட்டா மிரு. கூட்டிட்டு வாங்கன்னா. மறுநாள் உனக்குக் கணக்கு... நான்தான் கூட்டிட்டு வரலை. அப்பா இல்ல, டாக்டர் இல்ல. நான்தான்."

கேட்டைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மரத்தடி காலியாகிவிட்டது. மிருதுளா ரோட்டைப் பார்த்தாள், பஸ் ஒன்று வந்து நின்று போனது, அதில் அவர்கள் ஏறவில்லை. அவள் கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"எத்தனை தடவ கேட்டாங்க?"

ஒரு தடவை என்பது நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. இரண்டு வருடமாக அங்கேயேதான் இருந்தது.

"நாலு தடவ" என்றாள் மங்கையர்க்கரசி.